தண்ணீர் குடிக்காததைக் குளிப்பாட்டுகிறவன்

தண்ணீர் குடிக்காத இயந்திரத்தைக்
குளிப்பாட்டுவது என் வேலை.
சிரிக்கலாம். தெம்பெகாவும் சிரித்தாள்,
மாற்றல் உத்தரவைப் படித்துக் காட்டியவள் அவள்தான்.

ஐம்பது மீட்டர் உயரத்தில்
கூரை கூரையாய்ச் சாய்த்து வைத்த அலுமினியச் செதில்கள்.
உள்ளே, டர்பைனைச் சுற்றிவிட்டுக் களைத்து வரும் நீராவி.
அடியில் இருநூற்று எண்பத்தெட்டு விசிறிகள்,
ஒவ்வொன்றும் என் வீட்டைவிட அகலம்.
அவை ஊத ஊத
ஆவி மனம் மாறித் தண்ணீராகி
கொதிகலனுக்கே திரும்பும்.
அதே தண்ணீர். மறுபடி அதே தண்ணீர்.
கஞ்சன் வீட்டுக் காசு, வாசல் தாண்டாது.

முன்பிருந்த நிலையம் அப்படியல்ல.
ம்புமலங்காவில் ஆறு கோபுரங்கள்,
இடுப்பு சிறுத்த பானைகள்,
இரவும் பகலும் வெண்மேகம் கக்கும்.
கொடியில் போட்ட துணி காயாது.
கார்க் கண்ணாடியில் உப்புப் புள்ளி.
விருந்துக்கு வந்தவர்கள் படமெடுத்துக்கொண்டு
எவ்வளவு புகை என்பார்கள்.
புகையல்ல அது. வால் நதி.
ஒரு நதி நின்றவாக்கில் வானேறிக்கொண்டிருந்தது,
நாங்கள் கீழே நின்று
அழகு, அழகு என்றோம்.

இங்கே லிம்போபோவில் மேகமே இல்லை.
முதல் வாரம், நிலையம் ஓடவில்லை என்றே நினைத்தேன்.
பிறகு அந்த இரைச்சல்
காதில் குடியேறியது.
இப்போது அது நின்றால்தான் விழிப்பு வரும்.

செதில் இடுக்குகளில் அடைவது:
செம்மண், புல்விதை, விட்டில்,
ஒருமுறை முழுசாய் ஒரு தூக்கணாங்குருவிக் கூடு.
அடைத்தால் மூச்சு முட்டும். அதனால் கழுவுகிறோம்.
ஒரு வரிசைக்கு ஒரு டேங்கர், அதற்கு மேல் கிடையாது.
லெசேகோ கணக்குப் புத்தகத்தை நீட்டும்போது
தன் ரத்தத்தை அளந்து ஊற்றுகிறவள் முகம்.

அக்டோபர். நாற்பத்தொரு டிகிரி.
மழைக்கு இன்னும் ஐந்து வாரம் என்றது வானொலி.
மதியம் இரண்டுக்கு மேற்குக் காற்று திரும்பியது.
மேலே நாங்கள் துப்பிய சூட்டை வாரி எடுத்து
கீழே விசிறிகளின் வாயில் கொண்டுவந்து திணித்தது.
தான் விட்ட மூச்சையே இழுக்கிறவன்
எத்தனை நேரம் தாங்குவான்?
வயர்லெஸ்ஸில் லெசேகோ:
வெற்றிடம் தளர்கிறது. இருநூறு மெகாவாட் குறை.
குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.
அவள் அப்படிப் பேசினால்தான் பயப்பட வேண்டும்.

ஜோஹன்னஸ்பர்க்கில் எங்கோ ஒரு மின்தூக்கி
இரண்டு மாடிகளுக்கு நடுவே யோசித்து நின்றிருக்கும்.
மாலையில் தம்பி வுசுமுசி கூப்பிட்டான்:
"பாதிச் சவரத்தில் கரண்ட் போனது. உங்கள் நிலையமா?"
காற்று, என்றேன்.
"காற்றுக்கா நான் பில் கட்டுகிறேன்?"

அவனுக்கு எப்படிச் சொல்வது?
நதியை மிச்சம் பிடித்தால்
நிலக்கரி கொஞ்சம் கூடுதலாய்ப் போகும்.
விசிறி சுற்றவும் மின்சாரம்தான்.
எதுவும் சும்மா குளிராது.

வீட்டில் ஒற்றைப்படைத் தேதிகளில் மட்டும் குழாய்.
தெம்பெகா ஏழு வாளிகளுக்கும் பெயர் வைத்திருக்கிறாள்.
ஏழாவது, அடியில் விரிசல் விட்டது, மந்திரி.
"நீங்கள் மிச்சம் பிடித்த தண்ணீர் எங்கே?"
மொகோலோ அணையில் இருக்கும்.
"அதற்கு நம் தெரு தெரியாதுபோல."
மந்திரிக்குக் கீழே
ஒரு தட்டை நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் பத்தொன்பதாம் வரிசை.
குழாயின் அழுத்தம் தோளை உதைத்தது.
செம்பழுப்பு நீர் வழிந்தது, பிறகு வெளிறியது, பிறகு
அலுமினியம் தன் நிறத்தை நினைவுபடுத்திக்கொண்டது.
டேங்கர் காலி.
செதில் நுனியில் தொங்கிய கடைசிச் சொட்டை
எங்கிருந்தோ வந்த ஒரு குருவி
தலை சாய்த்துக் குடித்தது,
இரைச்சலைப் பொருட்படுத்தாமல்.

லெசேகோவின் புத்தகத்தில் அதற்குக் கட்டமில்லை.
ஒரு டேங்கர் என்று எழுதிக்
கையெழுத்திட்டேன்.